கச்சானும் கண்ணீர்ப் படலமும்

விழா மலர் என்றால் கல்லூரியின் பழம்பெருமையையும், ஆசிரியர்களின் அருமையையும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளையும் எழுதுவதே மரபு. அவற்றை எழுத எம்மினும் தக்கார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கண்ணின்மேற் படிந்திருக்கும் கண்ணீர்ப் படலம் அது. அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்கிரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். இத்துணைச் சிறியதைப் பற்றி வாதாட வேண்டுமோ என்று கேட்பார்க்கு, நிந்தவூரில் நாம் கண்டதைச் சொல்வதே தக்க விடையாகும்.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் அவ்வூரினர். அவருடைய மகள் ஆசிரியை. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர். மூக்குக்கண்ணாடியை விட்டு, காலையில் அணிந்து இரவில் எறிந்துவிடும் ஒருநாள் தொடுவில்லைக்கு அண்மையில் மாறியிருந்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள் நாம் அவ்வில்லத்திற்குச் சென்றபோது பிள்ளையின் இரு கண்களும் சிவந்திருந்தன. “காலையில் ஒன்றுமில்லை, மாமா. பகல் இரண்டு மணி கழிந்தால் கண்ணுக்குள் மணல் விழுந்தமாதிரி இருக்கும். எழுத்து மங்கும், இமைத்தால் தெளியும், திரும்பவும் மங்கும்” என்றார். வில்லையே வேண்டாம் என்றார் அவருடைய உம்மா. விற்ற இடத்திலோ விலைகூடிய வேறொரு வகையை வாங்குமாறு சொன்னார்களாம். நாமும் வாளா இருந்தோமில்லை. விலையை எண்ணி, “இரவில் மருந்துநீரில் ஊறவைத்து மறுநாளும் போட்டால் என்ன?” என்று கேட்டோம். அதனினும் தவறான புத்திமதி வேறில்லை. நல்ல வேளையாக அப்பிள்ளை எம் சொல்லைக் கேட்கவில்லை.

இமைத்தால் தெளியும் என்று அவர் சொன்னதில் நோயின் வரலாறு முழுவதும் அடங்கியிருந்ததைப் பின்னரே அறிந்தோம். நம் பழைய மாணவரும் கண் வைத்தியருமான ஒருவர் பொறுமையோடு எமக்கு விளக்கினார்.

கண்ணீர் என்பது வெறும் உப்புநீரன்று. விழிவெண்படலத்தை ஒட்டி வழுவழுப்பான சளியம் இருக்கிறது. அதனோடு கலந்து நீர்ப்பகுதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மிக நுண்ணிய எண்ணெய்ப்படை பரந்திருக்கிறது. இவ்வெண்ணெய், இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்த சுரப்பிகளிலிருந்து வருவது. 1666ஆம் ஆண்டிலே அவற்றை விரிவாக எழுதிய செருமானிய வைத்தியர் மைபோமின் பெயராலேயே அவை இன்றும் வழங்குகின்றன. எண்ணெய்ப்படை செவ்வையாக இருந்தால் நீர் விரைவில் ஆவியாகாது. அது குறைந்தால், கண்ணில் நீர் எவ்வளவு ஊறினும் பயனில்லை.

ஒவ்வோர் இமைப்பும் இப்படலத்தைப் புதிதாக விரிக்கிறது. விரித்த படலம் சிறிது நேரம் நின்று, பின்பு ஆங்காங்கே உடைகிறது. புளோரசீன் என்னும் மஞ்சட் சாயத்தைக் கண்ணில் இட்டு, நீல ஒளியிற் பார்த்தால், உடையும் இடங்கள் கரும்புள்ளிகளாய்த் தோன்றும். 10 செக்கனுக்கு முன்னரே உடையுமாயின் அது நிலையற்ற படலம் என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. நாம் சாதாரணமாக நிமிடத்திற்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். அஃதாவது 4 செக்கனுக்கு ஒரு முறை. ஆகவே படலம் உடையுமுன் அடுத்த இமைப்பு வந்து காத்துவிடுகிறது. கண்ணின் சுகம் இவ்விரு நேரங்களுள் எது முந்துகிறது என்பதைப் பொறுத்ததே.

இனி வில்லையை இதனுள் வைத்துப் பாருங்கள். மெல்லியது என்று நாம் வியக்கும் வில்லையின் நடுப்பகுதி, அப்படலத்தைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட தடிப்புடையது. அது படலத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பங்கைத் தனக்குக் கீழும் மறு பங்கைத் தனக்கு மேலும் ஆக்கிவிடுகிறது. மேற்பங்கு மெலிந்தது, எண்ணெய்ப்படையும் அதன்மேற் சரியாகப் பரவுவதில்லை, ஆகலின் விரைவில் உடைகிறது. உடைந்ததும் எழுத்து மங்குகிறது, இமைத்ததும் தெளிகிறது. கணினித்திரையையோ கைப்பேசியையோ உற்று நோக்கும்போது இமைப்பும் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு புறம் உடையும் நேரம் குறைய, மறு புறம் இமைக்கும் இடைவெளி நீளுகிறது. மணல் விழுந்தாற்போன்ற உணர்ச்சி பிறப்பது இவ்விடத்திலேதான்.

இவ்வளவும் எந்த நாட்டிற்கும் பொது. நிந்தவூருக்கும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் உரியது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிறது. கடற்காற்றையும் அடக்கிவிட்டு அது வீசும் நாட்களில், கரையோரத்தில் இருந்தும் உதடு வெடிக்கிறது. ஈரச்சாரம் நொடியிற் காய்கிறது. சாரத்தை உலர்த்தும் காற்று 3 மைக்கிரோன் நீரை மட்டும் விட்டுவைக்குமா? நீர்ச்சத்து மிகுந்த மென்வில்லை தானும் காய்ந்து, கண்ணீரையே மேலும் நாடுகிறது. அப்பிள்ளை பங்குனியில் வில்லை அணியத் தொடங்கியவர்; நான்கு மாதம் யாதொரு குறையும் இல்லை; ஆடியில் வந்தது வினை. வில்லை மாறவில்லை, கண் மாறவில்லை, காற்றே மாறியது.

ஒருநாள் வில்லையை நாம் பழிக்க வரவில்லை. 1961ஆம் ஆண்டு நத்தாரில், பிராக் நகரத்து விஞ்ஞானி ஓட்டோ விச்சர்லே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டு மேசையில் மென்வில்லை வார்த்த நாளிலிருந்து எத்தனையோ திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. 1990களின் நடுவில் வந்த ஒருநாள் வில்லை அவற்றுள் நல்லதொன்று. புரதமும் கொழுப்பும் நாட்கணக்கில் அதிற் படிவதில்லை. கழுவும் மருந்துநீரின் உறுத்தலும் இல்லை. இரு கண்களின் வலுவும் பெரிதும் வேறுபட்டவர்க்கு இது அழகுக்கு அணிவதன்று, பார்வைக்கே வேண்டுவது. “நம் ஊர்க் காற்றுக்கு இது ஆகாது” என்று ஒரே சொல்லில் ஒதுக்குவார் அத்தகையோரை எண்ணுவதில்லை. “நாள்தோறும் புதியது, ஆகவே குற்றமேயில்லை” என்பாரோ கண்ணீரை மறந்துவிடுகின்றனர். வில்லை புதியதாயினும், அது மிதக்கும் நீர் அந்தக் கண்ணின் பழைய நீரே.

எனவே எமது கருத்து இது. தொடுவில்லை கேட்டு வருபவரின் பார்வை வலுவை அளக்குமுன் அவருடைய கண்ணீரை அளக்க வேண்டும். சாயச் சோதனைக்குச் சில நிமிடங்களே செல்லும். மென்வில்லை அச்சாயத்தை உறிஞ்சிவிடுமாதலால் அதனை அணியுமுன்னரே செய்தல் வேண்டும். இமை விளிம்பை ஒரு முறை அழுத்தி எண்ணெய் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். எத்தனை மணி திரையின்முன் இருக்கிறீர், எந்த ஊரிற் குடியிருக்கிறீர் என்று கேட்க வேண்டும். திருமணத்திற்கென நிறவில்லையை வளையலோடும் வாசனைத் திரவியத்தோடும் ஒருங்கே வைத்து விற்பதை எவ்வாற்றானும் ஏற்க இயலாது. நம் பழைய மாணவருள் வைத்தியரும் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துவோரும் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறோம்.

அணிவோர்க்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். சுறுமாவும் கண்மையும் இமையின் உள்விளிம்பில் தீட்டினால் எண்ணெய்ச் சுரப்பியின் வாயை அடைப்பதோடு படலத்திலும் கலக்கும். கிணற்று நீரும் குழாய் நீரும் வில்லையிற் படவே கூடாது. அவற்றில் வாழும் அக்கந்தமீபா என்னும் நுண்ணுயிர் விழிவெண்படலத்தை அரித்துப் பார்வையைப் பறிக்க வல்லது. ஐவேளைத் தொழுகைக்கும் ஒளுச் செய்வோர் வில்லையோடு என் செய்வது என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை வினவினோம். கண்ணை இறுக மூடி முகத்தைக் கழுவினாற் போதும், கண்ணின் உட்புறத்தைக் கழுவவேண்டும் என்பதில்லை என்றார்.

நண்பரின் மகளுக்கு நம் வைத்தியர் செய்த சோதனையில் படலம் 6 செக்கனில் உடைந்தது. இமைக்கு வெந்நீர் ஒத்தடமும், பாதுகாப்புப் பொருள் சேராத கண்துளியும், திரையின்முன் இருக்கும்போது முழுதாக இமைக்கும் பழக்கமும் சொன்னார். கச்சான் வீசும் மாதங்களில் பள்ளி விட்டதும் வில்லையைக் கழற்றிவிடுமாறும் பணித்தார். இவ்வாண்டு ஆடியில் நாம் மறுபடியும் நிந்தவூருக்குப் போயிருந்தோம். முற்றத்துத் தென்னோலைகள் காற்றில் அலறிக்கொண்டிருந்தன. பிள்ளை பழைய மூக்குக்கண்ணாடியோடு வந்து தேநீர் தந்தார். கண்கள் வெள்ளையாகவே இருந்தன. “காலையில் வில்லைதான், மாமா, பின்னேரம் இது” என்று சிரித்தார்.