ஊசி போடச் சொன்னால் என்ன கேட்பது?



இடுப்பு வலி பற்றி எழுதும் வாசகர்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புகிறார்கள்: "முதுகுத்தண்டில் ஊசி போடச் சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா?" கால் முடங்கிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரே ஊசியில் ஆயுசுக்கும் வலி தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பயமும் வேண்டாம், அந்த நம்பிக்கையும் வேண்டாம்.

வலி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இடுப்போடு நின்றுவிடும் வலி ஒரு வகை. இடுப்பில் கிளம்பி, தொடை, கெண்டைக்கால் வழியே பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்கும் வலி இன்னொரு வகை. இதைத்தான் சியாட்டிகா என்கிறார்கள். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அழுத்தத்தோடு அழற்சியும் சேரும்போது வலி தாங்க முடியாததாகிவிடுகிறது.

அந்த அழற்சியைத் தணிக்கத்தான் ஊசி. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி, சாய மருந்து செலுத்தி இடத்தை உறுதிசெய்துகொண்டு, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஸ்டீராய்டையும் மரப்பு மருந்தையும் செலுத்துகிறார்கள். தண்டுவடத்துக்குள் ஊசி போவதில்லை. பிதுங்கிய ஜவ்வை அது உள்ளே தள்ளுவதும் இல்லை. பலன் கிடைப்பவர்களுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ வலி குறையும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அந்தச் சில வாரங்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. பிதுங்கிய ஜவ்வு பலருக்கு நாளடைவில் தானாகவே சுருங்கிவிடுகிறது. அதுவரை தூங்கவும் நடக்கவும் உடற்பயிற்சியைத் தொடங்கவும் ஊசி அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைப் படுக்கையிலேயே கழித்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், யாருக்கு ஊசி, யாருக்கு வேண்டாம் என்பதைத் தெளிவாகப் பிரிக்கிறது. புதிதாக வந்த, கடுமையான சியாட்டிகாவுக்கு இந்த ஊசியைப் பரிசீலிக்கலாம். குறிப்பிட்ட காரணம் தெரியாத வெறும் இடுப்பு வலிக்கு முதுகுத்தண்டு ஊசிகள் வேண்டாம். வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் குறுகுவதால் வரும் வலியிலும் பலன் குறைவு. அமெரிக்காவில் இந்த வகை வலி உள்ள 400 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் பெரிய கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

எனவே உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். என் வலி நரம்பு அழுத்தத்தால் வருகிறதா? எம்.ஆர்.ஐ. காட்டும் இடமும் எனக்கு வலிக்கும் இடமும் பொருந்துகின்றனவா? வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யில்கூட ஜவ்வுத் தேய்மானம் தெரிவது சகஜம் என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். திரையைப் பார்த்துத்தான் ஊசி போடுவீர்களா? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோய்த்தொற்று, பக்கவாதம், பார்வை இழப்பு போன்ற கடும் விளைவுகள் மிக அரிது. ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் பக்கவாதம், பார்வை இழப்பு ஆகியவை குறித்து எச்சரித்திருக்கிறது. தெரிந்துகொண்டு சம்மதிப்பது உங்கள் உரிமை.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, ஊசியா மாத்திரையா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மற்ற வலிகளுக்குப் பெரும்பாலும் அவசரம் இல்லை. யோசிக்கவும் கேட்கவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இடுப்பு வலி என்றால், மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்