ஐந்து உறுப்புகள் சரியென்றால் போதுமா?

மாணவர்களே, 4294967297 என்ற எண்ணைப் பாருங்கள். இது முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா? இறுதி இலக்கம் 7. எனவே 2 ஆலும் 5 ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆகவே 3 ஆலும் வகுபடாது. 7, 11 ஆகியவற்றால் வகுத்தாலும் மீதி வரும். பலர் இந்த இடத்திலேயே "முதன்மை எண்" என்று எழுதிவிடுவர்.

இவ்வெண் 2³² + 1 ஆகும். 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்பன முறையே 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். இக்கோலம் என்றும் தொடரும் என்று 1640 இல் பிரான்சு நாட்டவரான பெர்மா நம்பினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. எங்கள் மாணவர்களிடம் நான் காணாதது இந்த நேர்மையைத்தான். எண் கோலத்தில் மூன்று உறுப்புகளைப் பார்த்ததும் பொது உறுப்பை எழுதி, "எனவே நிறுவப்பட்டது" என்று கோடும் கீறிவிடுகிறார்கள்!

1732 இல் ஒயிலர் அடுத்த உறுப்பின் காரணிகளைக் காட்டினார்: 4294967297 = 641 × 6700417. பத்து இலக்கமுள்ள இவ்வெண் எட்டு இலக்கக் கணிகருவியில் அடங்காது. கவலை வேண்டாம், சாதாரண தரத்தில் கற்கும் சுட்டி விதிகளே போதும்.

641 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதிலிருந்து 2⁴ = 641 − 5⁴. இருபக்கங்களையும் 2²⁸ ஆல் பெருக்குக.

2³² = 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴ = 641 × 2²⁸ − 640⁴

இருபக்கங்களிலும் 1 ஐக் கூட்டுக.

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை இருமுறை பிரயோகிக்க,

640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1)

நடுவில் உள்ள காரணி 641 அல்லவா? வலப்பக்கத்தின் இரு உறுப்புகளும் 641 ஆல் வகுபடுவதால் 2³² + 1 உம் வகுபடும். நீளமான வகுத்தல் ஒன்றுகூடச் செய்யவில்லை.

எனது அபிப்பிராயம், காரணிப்படுத்தலைக் கற்பிக்கும்போதே இந்த எண்ணையும் காட்ட வேண்டும் என்பதாகும். "சேர், இந்த வர்க்க வித்தியாசம் எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பாடத்திட்டத்துக்கு வெளியே என்று சிலர் சொல்லலாம். மேலேயுள்ள வரிகளில் எந்த வரி வெளியே?

ஆனால் 641 ஐ மனனம் செய்யாதீர்கள், அதனால் புள்ளி கிடைக்காது. செய்கையைக் கொப்பியில் ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். அதன்பின் 6700417 முதன்மை எண்ணா என்று யோசியுங்கள். அது முதன்மை எண்தான். ஆனால் அதைக் காட்டுவது இவ்வளவு இலகுவன்று. பெர்மாவின் கோலத்திலோ, அந்த ஐந்தைத் தவிர ஆறாவது முதன்மை எண் ஒன்று இன்றுவரை எவருக்கும் அகப்படவில்லை.