விற்பவன் விருப்பமாம்!

"வீடு விற்பனைக்கு. உறுதியான செங்கல் கட்டடம். இரண்டு குடும்பங்கள் தனித்தனியே வாழலாம். ஒரு தளத்தில் தாங்கள் குடியிருந்து, மறு தளத்தை வாடகைக்கு விடலாம். பல இனத்தாரும் பல மொழியினரும் கூடி வாழும் பகுதி."

அமெரிக்க நகரங்களில் இன்று இந்தப் பாணியில் வீடு விற்கிறார்கள், தோழர்களே! கடைசி வரியைக் கவனியுங்கள். பல இனத்தார் கூடி வாழ்வது இன்று சரக்கின் சிறப்பு. விலையை ஏற்றிச் சொல்ல உதவும் அலங்காரம். அதே நாட்டில், அதே செய்தி, ஒரு காலத்தில் வீட்டைப் பிடித்த நோயாக எழுதப்பட்டது. எழுதியவன் தெருமுனைத் தரகன் மட்டுமல்லன், அரசே எழுதிற்று!

1930-களில், வீட்டுக்கடனுக்கென்று அமைந்த அரசு நிறுவனம் நகர வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியது. பச்சை முதல் தரம், நீலம் இரண்டாம் தரம், மஞ்சள் அதற்கும் கீழ், சிவப்பு ஆபத்து. கருப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவந்தன. 1934-ல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமோ, இனம் கலவாதிருக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்வதைத் தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1924-ல், வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம், சொத்தின் மதிப்பைக் குலைக்கும் இனத்தாரை ஒரு பகுதிக்குள் அழைத்து வரலாகாது என்று தன் ஒழுக்க விதிகளில் எழுதி வைத்திருந்தது. ஆம், ஒழுக்க விதிகளில்! தொட்டால் தீட்டு என்பது நாம் அறிந்த வேதாந்தம். விலைக்கே தீட்டுப் பிடிக்கும் என்று கண்டு சொன்னவர்கள் இவர்கள்.

இரு குடும்ப வீடு என்பது உழைப்பவனுக்கு ஏணி. மேல்தளத்து வாடகை கடன் தவணையைக் கட்டும். தவணை முடிந்தால் வீடு பிள்ளைகளுக்கு. அந்த ஏணியைத்தான் சிவப்பு மை எடுத்துப் போயிற்று. கடன் பெற்றவன் வீட்டுக்காரனானான். கடன் மறுக்கப்பட்டவன் அவனுக்கு வாடகை கொடுத்தான்.

"சொத்து என்னுடையது, யாருக்கு விற்பது என்பது என் விருப்பம். மக்கள் மனம் மெல்ல மாறும். இதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்கள் செயின்ட் லூயிஸ் நகரத்து வீடு ஒன்றின் கதையைக் கேட்கட்டும்.

லபாடி அவென்யூவில் 1906-ல் கட்டப்பட்ட இரு குடும்ப வீடு அது. 1945-ல் ஜே.டி. ஷெல்லி, எத்தெல் ஷெல்லி என்னும் கருப்பினத் தம்பதியர் அதை வாங்கினர். மிசிசிப்பியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஆறு பிள்ளைகள். விற்க ஆள் இருந்தது, வாங்கப் பணம் இருந்தது, பத்திரமும் முடிந்தது. விற்பவன் விருப்பம் நிறைவேறிவிட்டதல்லவா? பின் ஏன் வழக்கு?

1911-ல் அப்பகுதியின் உரிமையாளர் 39 பேரில் 30 பேர் கூடி ஓர் ஒப்பந்தம் செய்திருந்தனர். 50 ஆண்டுகளுக்கு நீக்ரோ இனத்தாரோ மங்கோலிய இனத்தாரோ அங்குக் குடியிருத்தல் கூடாது என்பது அதன் சாரம். அவர்கள் கையெழுத்திட்ட அன்றே ஐந்து மனைகள் கருப்பின மக்களின் சொத்து! ஒன்றில் 1882 முதலே குடியிருந்தார்கள். முன்னமே குடியேறியவனின் கண்ணெதிரே அவன் இனமே வரலாகாது என்று எழுதிய நேர்த்தியைப் பாருங்கள். ஒப்பந்தம் இருப்பதே ஷெல்லி குடும்பத்துக்குத் தெரியாது. வீட்டை விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர், கிரேமர் என்னும் வெள்ளையர் குடும்பத்தார் நீதிமன்றம் ஏறினர். கீழ்நீதிமன்றம் மறுத்தது, மிசூரி உச்சநீதிமன்றமோ, ஷெல்லி குடும்பம் வெளியேற வேண்டும் என்றது.

1948 மே 3 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உடைத்தது. மூன்று நீதிபதிகள் அமர்விலிருந்து விலகிக்கொள்ள, எஞ்சிய அறுவரும் ஒரே குரலில் பேசினர். ஒப்பந்தம் தனியார் எழுதியதுதான். ஆனால் அதைக் கொண்டு ஒருவனை வீட்டிலிருந்து இறக்குவது நீதிமன்றம். அந்தக் கை அரசின் கை. சமப் பாதுகாப்பு தரும் 14-ஆம் திருத்தம் அந்தக் கையைக் கட்டுகிறது என்றனர். அமீனாவும் காவலரும் வராவிட்டால் அந்தத் தாளுக்கு என்ன வலிமை, கனவான்களே? உங்கள் 'விருப்பம்' நிற்பதற்குத் தோள் கொடுத்தது அரசு. உடைக்கும் வேளையில் மட்டும் அரசு ஒதுங்கி நிற்க வேண்டுமாம்!

தீர்ப்பு போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒப்பந்தம் எழுதுவதைத் தடுக்கவில்லை, நிறைவேற்றுவதைத்தான் தடுத்தது. வெள்ளையர் புறநகருக்கு நகர்ந்தனர். கடனும் அவர்கள் பின்னே போயிற்று. தொழிற்சாலைகள் மூடப்பட்டதும் சேர்ந்துகொள்ள, 1950-ல் 8,56,796 பேர் வாழ்ந்த நகரில் 2020-ல் எஞ்சியோர் 3,01,578 பேர்.

மனம் மாறக் காத்திருந்த கணக்கையும் பாருங்கள். நிலமும் வீடும் வாங்க எல்லாக் குடிமக்களுக்கும் வெள்ளையருக்குள்ள அதே உரிமை உண்டு என்ற சட்டம் 1866-லேயே இயற்றப்பட்டது. அது தனியார் விற்பனையையும் கட்டுப்படுத்தும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1968 ஜூனில். வழக்கு வந்ததும் அதே செயின்ட் லூயிஸ் பக்கத்திலிருந்துதான். இடையில் 102 ஆண்டுகள்! அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு வீழ்ந்தார். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தில் ஏப்ரல் 11 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

1965-ன் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பின் அந்நாடு சென்ற நம்மவர் பலர், இந்த 1968 சட்டத்தின் நிழலில்தான் தடையின்றி வீடு வாங்குகின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும் உறவினர், "அந்தப் பக்கம் சரியில்லை, மாமா, அங்கே வாங்கினால் விலை ஏறாது" என்று உங்களிடம் சொல்லக்கூடும். அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு மை பூசியது யார் என்று கேளுங்கள். லபாடி அவென்யூ வீடு, 1990-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதையும் சொல்லி வையுங்கள்.