தவறும் தகுதியும்

கல்லூரியில் சிறந்த மதிப்பெண் பெற்றவர், பணியில் சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே ‘கவனக்குறைவானவர்’ என மதிப்பிடப்படுவதுண்டு. செய்த தவற்றையே மீண்டும் செய்கிறார், மேலாளர் கடிந்துகொள்கிறார், அச்சம் மிகுந்து மேலும் தவறுகிறார். இறுதியில், ‘இப்பணிக்கு நான் தகுதியற்றவன்’ என்னும் முடிவுக்கு அவரே வந்துவிடுகிறார். தவறுகளை எண்ணித் தகுதியை அளப்பது முறையன்று என்பதே என் கருத்து. ஒரே தவறு திரும்பத் திரும்ப நேருமாயின், அது பணியாளரைப் பற்றி மட்டுமன்றி, அவருக்குப் பணி கற்பிக்கப்பட்ட முறையைப் பற்றியும் சான்று பகர்கிறது.

தேர்வறையும் பணியிடமும்

தேர்வறையில் அமைதி நிலவும். ஒரு நேரத்தில் ஒரு வினாவுக்கு விடை எழுதினால் போதும். பணியிடம் அத்தகையதன்று. வங்கியில் புதிதாகச் சேர்ந்த எழுத்தரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பணம் செலுத்தக் காத்திருப்பார். மற்றொருவர் கையொப்பம் ஏன் பொருந்தவில்லை என வினவுவார். இடையே தொலைபேசி ஒலிக்கும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஒருவர் பணம் பிறிதொருவர் கணக்கிற் சேரக்கூடும். பழகியவர் கை தானே இயங்கும். புதியவரோ ஒவ்வொரு படியையும் நினைவில் தாங்கியாக வேண்டும். இடையீடு நேரும்போது ஒரு படி நழுவிவிடுகிறது. இது சோம்பலன்று, பழக்கம் இன்னும் கைகூடாமை.

வங்கிகள் இதனை அறியாதவை அல்ல. ஒருவர் பதிந்ததை மற்றோர் அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் நடைமுறை, மனிதர் தவறுவர் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு அமைந்தது. பணத்தைக் காப்பதில் காட்டும் இத்தெளிவைப் பணியாளரை மதிப்பிடுவதிலும் காட்ட வேண்டாவா?

வானூர்தி கற்பித்த பாடம்

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் ‘மாடல் 299’ என்னும் புதிய வானூர்தி சோதனைப் பறப்பின்போது வீழ்ந்தது, இருவர் உயிரிழந்தனர். இயந்திரத்தில் பழுதில்லை. காற்றில் அசையாதிருக்க வால்பகுதியில் இடப்பட்ட பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை. ஓட்டியவரோ தேர்ந்த விமானி. ‘இன்னும் கவனமாக இருங்கள்’ என்று அறிவுறுத்துவதோடு எவரும் நின்றுவிடவில்லை. புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவற்றைப் பட்டியலாக வகுத்தனர். அவ்வானூர்தியின் வழிவந்தவை பின்னர் 12,000-க்கும் மேல் உருவாக்கப்பட்டன. தேர்ந்தவருக்கே நினைவை மட்டும் நம்புதல் போதாதெனின், புதியவருக்கு எங்ஙனம் போதும்?

கடிதலும் இடித்துரைத்தலும்

‘தவறு பொறுக்கத்தக்கதாயின் சரி; மருந்தின் அளவை மாற்றித் தருபவரையும் பொறுப்பதா?’ என்று சிலர் வினவலாம். நேர்மையான வினா இது. அத்தகைய பணியில் புதியவரைத் தனியே விடுதல் கூடாது. கற்றுத் தேரும்வரை அனுபவமுடையவர் அருகிருந்து சரிபார்த்தல் வேண்டும். அன்றியும், கடுஞ்சொல்லுக்கு அஞ்சுபவர் தவற்றை மறைப்பார். மறைத்த தவறே பெருந்தீங்கு விளைக்கும். இதனையுணர்ந்தே அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு முதல், விமானிகள் தம் தவறுகளைத் தாமே தெரிவிக்கவும், தெரிவித்தவர் பெயர் வெளிப்படாமல் காக்கவும் ஓர் ஏற்பாட்டை நாசா நடத்திவருகிறது.

தவற்றைச் சுட்டாதிருத்தல் பரிவாகாது. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தும் கருத்து. ஆனால், இடித்துரைத்தல் வேறு, இகழ்தல் வேறு. ‘உமக்குக் கவனமில்லை’ என்பதில் திருத்திக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. ‘கணக்கு எண்ணைப் பதிந்தபின் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை’ என்பதில் நாளைக்கே திருத்தத்தக்க ஒரு செயல் இருக்கிறது. முன்னது ஆளை அளக்கிறது; பின்னது பணியைக் கற்பிக்கிறது. அரசுப் பணிகளில் தொடக்கக் காலத்தைத் ‘தகுதிகாண் பருவம்’ என்கிறோம். தகுதியைக் காண்பதோடு அதனை வளர்ப்பதும் அப்பருவத்தின் கடமையே.

பணியாளர் செய்யத்தக்கது

நிறுவனத்தின் பொறுப்பைக் கூறியதனால் பணியாளரின் பொறுப்பு நீங்கிவிடாது. நேர்ந்த தவறு யாது, எப்பொழுது நேர்ந்தது, அதற்குச் சற்று முன் நிகழ்ந்தது என்ன என்பவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். சில நாள்களிலேயே தவறுகள் தம் வழியைக் காட்டிக்கொடுக்கும். அவை பெரும்பாலும் கூட்டம் மிகுந்த வேளையில் நேர்கின்றனவா, இடையீட்டுக்குப் பின் நேர்கின்றனவா என்பது விளங்கும். குறைவான மதிப்பீடு வந்தால், ‘எந்தப் படியில் தவறுகிறேன்?’ என்று மேலாளரிடம் பணிவோடு கேட்டறிவதில் இழுக்கில்லை. முறையாகக் கற்று, முயன்று, அதன் பின்னும் ஒரு பணி தமக்கு ஒவ்வாதெனத் தெளிந்து விலகுவதும் இழுக்கன்று. கற்பிக்கப்படாமலே, அச்சத்தால் விலகுவதே இழப்பு.

இன்று வகுப்பறையில் இருப்போர் நாளை பணியாளராவர். அவருள் சிலர் பிறரை மதிப்பிடும் இடத்திற்கும் உயர்வர். அன்று தம் முன்னால் தயங்கி நிற்கும் புதியவரிடம், ‘எங்கே தவறுகிறது? சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்ல அவர்கள் இன்றே அறிந்துகொள்ளட்டும்.