கோவின் கதவும் கொய்யாத் தோட்டமும்

2021 மே மாதம். ஆயக்குடிப் பக்கம் கொய்யா பறிக்கும் ஒரு சகோதரி தடுப்பூசி கேட்டு வந்தார். வயது 38. கையில் பட்டன் போன்.

"ஆன்லைன்ல புக் பண்ணிட்டு வாங்கம்மா."

சொன்னது நான்தான். அன்றைய விதி அப்படி. 18 முதல் 44 வயது வரை கோவின் தளத்தில் பதியாமல் ஊசி கிடையாது.

அதே வாரம் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் நண்பன் சொன்னான்: "பத்து வரி கோடு எழுதினேன் மச்சி. ஸ்லாட் திறந்ததும் போன் அடிக்குது."

எப்படி முடிந்தது?

கோவினுக்கு ஏபிஐ என்ற பொதுக் கதவு இருந்தது. ஏபிஐ என்பது நம்ம ஆஸ்பத்திரி ஓ.பி. கவுன்ட்டர் மாதிரி. உள்ளே போக வேண்டாம். சீட்டை நீட்டினால் பதில் வரும்.

அந்தச் சீட்டைச் சரியான படிவத்தில் எழுத வேண்டும். அதை நமக்காக எழுதிக் கொடுக்கும் சின்ன உதவியாளர்தான் கிளையன்ட் லைப்ரரி. மாவட்ட எண், தேதி இரண்டையும் கொடுத்தால் போதும். மையத்தின் பெயர், வயது வரம்பு, மிச்சமிருக்கும் டோஸ் எல்லாம் வந்துவிடும்.

சென்னையைச் சேர்ந்த பெர்ட்டி தாமஸ் இப்படித்தான் 'அண்டர்45' டெலிகிராம் அறிவிப்புகளைத் தொடங்கினார். லட்சக்கணக்கானோர் பயன்பெற்றனர். நல்ல மனசு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

அரசும் கட்டுப்பாடு வைத்தது. ஒரு ஐ.பி. முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 கேள்விதான். வரும் பதிலும் 30 நிமிடம் வரை பழசாக இருக்கலாம்.

ஆனால் உறவுகளே, கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா?

கதவு எல்லோருக்கும் பொது. தட்டத் தெரிந்தவர் சிலரே. நாட்டின் பல இடங்களில் நகரத்துக்காரர்கள் கிராம மையங்களில் ஸ்லாட் எடுத்து, காரில் வந்து போட்டுக்கொண்டு போனார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. வரிசையை அப்படி அமைத்தது நாம்.

மே 24ல் அரசு மையங்களில் இந்த வயதினருக்கு நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது. மே 31ல் உச்ச நீதிமன்றமே இந்த டிஜிட்டல் இடைவெளி பற்றிக் கேள்வி கேட்டது.

செப்டம்பர் 12ல் தமிழ்நாடு வேறு வழியில் போனது. ஒரே நாளில் சுமார் 40,000 இடங்களில் முகாம். 28 லட்சத்துக்கும் மேல் ஊசி. வந்தவர்களின் விவரத்தை நம்ம ஆட்களே கோவினில் ஏற்றினார்கள்.

மென்பொருள் அதேதான். தட்டும் கை மாறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஏன் சொல்கிறேன்?

ஆபா எண், க்யூ.ஆர். ஸ்கேன் செய்து ஓ.பி. டோக்கன் என்று மருத்துவமனைகள் மாறி வருகின்றன. வரவேற்கிறேன். க்யூ குறைகிறது. ஆனால் ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். போன் இல்லாதவருக்கும் அதே வரிசையில் அதே டோக்கன் கிடைக்க வேண்டும்.

கோடு எழுதத் தெரிந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பத்து வரி கோடு உங்கள் போனை மட்டும் அடிக்க வைக்க வேண்டாம். வரும் தகவலை ஒரு தாளில் எடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கிராம செவிலியரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

அந்தச் சகோதரி ஜூனில் மறுபடி வந்தார். ஊசி போட்டோம். "போன தடவை ஒரு நாள் கூலி போச்சு சார்" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தக் கூலி எந்த டேஷ்போர்டிலும் பதிவாகவில்லை.