உடன்படிக்கை கோழைகளின் ஆயுதமா?

கோவையிலும் ஈரோட்டிலும் நம் மேடைகளில் திப்பு சுல்தானின் வாள் முழங்கத் தவறுவதில்லை. முழங்கட்டும். ஆனால் 1783 நவம்பரில் கும்பினிப் படை பிடித்த கோவை, சுல்தானுக்கே உரியதென்று கும்பினி ஒப்பியது 1784 மார்ச் 11இல் மங்களூரில் எழுதப்பட்ட உடன்படிக்கையில். அதைச் சொல்ல நம் பேச்சாளர்களுக்கு நா எழுவதில்லை. உடன்படிக்கை கோழைகளின் ஆயுதம் என்பவர்களும் உளர். அவர்களுக்குக் கைதட்டலும் கிடைக்கிறது. ஹுதைபிய்யாவின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சமுதாயமா இது!

ஒரு நாட்டில் வாழ்ந்துகொண்டே அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படாதிருக்கும் அயலாரின் உரிமையை எண்ணிப் பாருங்கள். உஸ்மானிய சுல்தான்கள் வலிமையோடு இருந்த நாளில் ஐரோப்பிய வணிகருக்கு மனமுவந்து ஈந்த சலுகை அது. பேரரசு தளர்ந்ததும் சலுகையே விலங்காயிற்று. ஐரோப்பியர் தமக்குள் கொண்ட வழக்கு அவர்தம் தூதரக மன்றத்துக்கே போகும்; துருக்கியரோடு கொண்ட வழக்கிலும் தூதரக மொழிபெயர்ப்பாளர் வந்தமராமல் தீர்ப்பு இல்லை. 1914இல் இஸ்தான்புல் அரசு இவ்வுரிமைகளை ஒழித்துவிட்டதாகத் தானே அறிவித்தது. வல்லரசுகள் ஏற்கவில்லை. 1923 ஜூலை 24இல் லோசான் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவுக்குக் கையொப்பமிட்ட பின்னரே ஏற்றன.

"முஸ்தபா கமாலின் படை வென்றிராவிட்டால் லோசான் ஏது?" என்பார்கள். மெய்தான். எகிப்து எந்தப் போரில் வென்றது? 1937 மே 8இல் மொன்த்ரோ மாநாட்டில் வல்லரசுகளை இணங்கவைத்து, அயலாரின் வழக்குகளைக் கேட்டுவந்த கலப்பு நீதிமன்றங்களுக்குப் பன்னிரண்டாண்டுத் தவணை குறித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் அது மேடையில் கழிக்கவில்லை. அப்துர் ரஸ்ஸாக் சன்ஹூரி என்னும் சட்டமேதையைக் கொண்டு புதிய குடிமைச் சட்டம் இயற்றியது. 1949 அக்டோபர் 14இல் அந்நீதிமன்றங்கள் மூடப்பட்டன. மறுநாளே புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோழிக்கோடு. அங்கே 'லோஜ்' என்னும் சிறு நிலத்துண்டின்மீது பிரெஞ்சுக்காரர் கொண்டாடிய உரிமை, 1947 அக்டோபரில் பேச்சுவார்த்தையால் முடிந்தது. புதுவை, காரைக்கால் கதை நீண்டது. போராட்டமின்றி அவை வந்தன என்று எவனும் சொல்லான். 1936 ஜூலை 30இல் புதுவை சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக்கு இரையாயினர். ஆயினும் 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறிற்று. 1956இல் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவுற்றது. காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் இந்தியக் குடியுரிமையா, பிரெஞ்சுக் குடியுரிமையா என்று தாமே தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் பெற்றது அந்த ஏட்டின் எழுத்தால்தான். எந்த வாள் அதைப் பெற்றுத் தந்திருக்கும்?

அத்தகைய எழுத்தை எழுத வல்லவர் நம்மிடையே எத்தனை பேர்? பஞ்சாலைக்கும் பனியன் வணிகத்துக்கும் பிள்ளைகளைப் பழக்கும் கொங்கு நாட்டுத் தகப்பன்மார், கோவை அரசு சட்டக் கல்லூரியின் வாசலையும் ஒருநாள் காட்டலாகாதா?