படைவீரர் இயலாமை ஓய்வூதியம்: தாமதத்துக்குச் சொல்லப்படும் நியாயங்கள்

படையை விட்டு வந்தவர்களின் இயலாமை ஓய்வூதிய மனுக்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன என்று சொன்னால், கேட்பவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "சர்க்கரை, பி.பி. என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? சலித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உண்மையான கேஸாக இருந்தால் லேட்டானாலும் மொத்தமாக வந்துவிடும்." கடலூரில் மனுவோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தும் இதைச் சொல்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். படையில் பெரிய பதவி வகித்தவர்கள் சிலரே சொல்கிறார்கள். இந்தப் பதிலின் ஒவ்வொரு துண்டும் தவறு என்பது என் கட்சி. கடைசித் துண்டுதான் எல்லாவற்றிலும் அதிகம் தீங்கு செய்கிறது.

எனக்கு இதில் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் சித்தப்பா புவனகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1988-இல், பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். எட்டாவது வருஷம் ஓர் இரவு காவலில் நின்ற இடத்திலேயே விழுந்தார். வலிப்பு. ராணுவ மருத்துவமனையில் சில மாதம் வைத்திருந்து, 20 சதவீதம் இயலாமை என்று எழுதி, 1996-இல் பெட்டி படுக்கையோடு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரே ஒருமுறைப் பணிக்கொடை. ஓய்வூதியம் கிடையாது. மருத்துவ வாரியத்தின் தாளில், இயலாமைக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் ஆங்கிலத்தில் அரை வரி. பட்டாளத்துக்காரர்கள் அதை 'என்.ஏ.என்.ஏ.' என்பார்கள். நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை என்று பொருள். ஏன் இல்லை என்பதற்கு ஒரு சொல்கூட அந்தத் தாளில் எழுதப்படவில்லை. அந்த அரை வரியின் பொருள் எங்கள் வீட்டில் யாருக்கும் அன்று தெரியாது. "நெறைய தடவை படிச்சேன். எனக்கு ஏதோ நல்லது எழுதியிருக்கான்னுதான் நெனச்சேன்" என்று பிற்பாடு ஒருநாள் சித்தப்பா என்னிடம் சொன்னார்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். "முன்பே இருந்த நோயை மறைத்துச் சேர்ந்திருப்பார்கள்." ஊரும் சித்தப்பாவைப் பற்றி இதையே பேசியது; அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஆளெடுப்பு முகாமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்பு அளந்து, பாதம் தட்டையா, முழங்கால் ஒட்டுகிறதா, காதில் சீழ் இருக்கிறதா, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கழிக்கும் இடம் அது. அந்தச் சோதனையைச் செய்பவர் அரசாங்கத்தின் மருத்துவர். அவர் தகுதி என்று எழுதிய உடம்பை எட்டு வருஷம் வேலை வாங்கிவிட்டு, அது முதலிலேயே பழுது என்று அதே அரசாங்கம் சொல்வது எப்படிச் சரியாகும்?

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை, சட்டமும் இதையே சொன்னது. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள்படி, சேரும்போது குறிப்பேட்டில் நோய் எதுவும் பதியப்படவில்லை என்றால் அந்த வீரர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரர் தலையில் விழாது. ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கு. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. அந்த வழக்கின் வீரரும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு பணியாற்றி, வலிப்பு என்று 20 சதவீதத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உடற்கூறு சார்ந்த கோளாறு, பணியோடு தொடர்பில்லை என்று வாரியம் எழுதியிருந்தது. காரணம் சொல்லாத அந்தக் கருத்து நிற்காது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே சுக்விந்தர் சிங் வழக்கிலும் அதே வழியில் தீர்ப்பு வந்தது. சித்தப்பாவின் தாளும் அந்த வீரரின் தாளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்ததை வழக்கறிஞர் காட்டியபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. 1996-இலேயே அவருக்குச் சேர வேண்டியதுதான் அது.

"சண்டையில் அடிபட்டவனுக்குக் கொடு, சர்க்கரைக்கும் பி.பி.க்கும் எதற்கு?" என்பது அடுத்தது. இதைச் சொல்பவர்கள் 2023-இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைக் காட்டுவார்கள். அறிக்கை சொன்னது உண்மை. அதை முழுதாகப் படிக்க வேண்டும். 2015-16 முதல் 2019-20 வரையிலான காலத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் இயலாமை ஓய்வூதியத்தோடு போயிருக்கிறார்கள். அதிகாரி அல்லாத படைவீரர்களில் அந்த அளவு 15 முதல் 18 சதவீதம். சலுகை தவறாகப் போகிறது என்ற ஐயம் எழுந்தால் அது எந்தப் படிக்கட்டில் நின்று பார்க்க வேண்டிய ஐயம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. விதியை இறுக்கினால் முதலில் அடிபடுவது, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் பரங்கிப்பேட்டை ஜவான்தான்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். உயர்மலையிலும் எல்லைக் காவலிலும் இருக்கும் அழுத்தம் இரத்தக் கொதிப்பை முற்றவைக்கும் என்று படை மருத்துவர்களுக்கான வழிகாட்டி நூலே ஒப்புக்கொள்கிறது. எட்டு மாதம் தூக்கம் கெட்டு முன்னணியில் இருந்தவர், சமவெளி முகாமுக்கு மாறிய பிறகு சோதனை செய்துகொண்டால் நோய் 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்று பதிவாகிவிடும். நோய் அன்றா தொடங்கியது? அன்று கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். அமைதிப் பகுதியில் இருந்தபோது தெரியவந்தது என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது.

இதில் உலகம் போகும் திசையையும் பார்க்கலாம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்த வீரர்களுக்காக அமெரிக்கா 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் பணியால் வந்தவை என்றே கொள்ளப்படும். வீரர் தொடர்பை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில், நம் நாட்டில் புதிய தகுதி விதிகள் வந்தன. பணிக்காலம் முடியும் வரை இருந்துவிட்டு வருபவர்களுக்கு ஓய்வூதியம் என்ற சொல்லே போய் 'குறைபாட்டு நிவாரணம்' என்றாகிவிட்டது. நிவாரணம் வெள்ளத்துக்குக் கொடுப்பது. உடம்பைக் கொடுத்தவனுக்குத் தருவதற்கு அந்தப் பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

"பென்ஷன்தான் வருகிறதே, இது கூடுதல் வரும்படி." முழுக்காலம் பணியாற்றியவருக்கு ஓரளவு பொருந்தும். இடையில் அனுப்பப்பட்டவருக்குப் பொருந்தாது. ஜவானுக்குப் பணி ஓய்வூதியம் வேண்டும் என்றால் 15 ஆண்டு பணி வேண்டும். பத்து ஆண்டுக்குள் நோயால் அனுப்பப்பட்டு, அந்த அரை வரியும் எதிராக விழுந்தால், என் சித்தப்பாவைப் போலப் பணிக்கொடையோடு சரி. பத்து ஆண்டு நிறையாதவர்க்கும் ஓய்வூதியம் என்ற 2020-ஆம் ஆண்டின் ஆணையும் 2019 ஜனவரி 4-க்குப் பிறகு பணியில் இருந்தவர்களுக்குத்தான். தொகை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏதோ லட்சக்கணக்கில் போவதுபோல் பேசுகிறார்கள். நூறு சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முப்பது சதவீத இயலாமையை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிட்டாலும், நாற்பதாயிரம் வாங்கிய ஹவில்தாருக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய்.

இனி, "லேட்டானாலும் மொத்தமாக வந்துவிடும்." நல்ல மனிதர்கள் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தை. இதை நம்பித்தான் பலர் கெட்டார்கள். காலம் போனால் என்ன ஆகும் என்பதை வரிசையாகப் பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. அதில் மேல்முறையீடு என்ற சொல் இருப்பதே தெரியாமல் அந்த ஆறு மாதம் போய்விடும். பதினைந்து ஆண்டு கடந்து மனுச் செய்தால் நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று 2008 முதல் அமலான விதி சொல்கிறது. இருபத்தைந்து ஆண்டு ஆனால், ஓய்வூதியம் வாங்காதவரின் பணி ஆவணங்களை ரெக்கார்டு ஆபீஸ் அழித்துவிடலாம். எந்தத் தாளை வைத்து நிரூபிப்பது? கடைசியாக நிலுவை. தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு கணக்கு வகுத்தது: தாமதமாக வழக்குக்கு வந்தவர் எத்தனை ஆண்டு இழந்திருந்தாலும், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் நிலுவை. அந்த வீரர் 1983-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டு 1999-இல் நீதிமன்றம் போனவர்.

ஆக, காத்திருப்பதால் பொய் மனு உதிர்ந்து மெய் மனு மிஞ்சும் என்பது நடைமுறையில் நடப்பதில்லை. பொய் சொல்பவனுக்கு ஆள் பழக்கம் இருக்கும். தேதி தெரிந்து, தாள் பத்திரப்படுத்தி, நேரத்தில் போய்விடுவான். தேதி தெரியாத மெய்யான ஆள்தான் ஒவ்வொரு கெடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறான்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கெடுவும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். பட்டாளத்து வீடுகளில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும். எல்லாக் காகிதமும் அதற்குள்தான். 2015 வெள்ளம் வடிந்த பிறகு சித்தி அந்தப் பெட்டியைத் திறந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிக் கிடந்தன. வாரியத்தின் தாளைப் பழைய அரிசிச் சாக்கின் மேல் விரித்துத் திண்ணையில் காயப்போட்டோம். மை கரைந்து ஊதாக் கறையாகப் படர்ந்திருந்தது, எண்கள் போய்விட்டன, அந்த அரை வரி மட்டும் தட்டச்சில் இருந்ததால் நின்றது. அன்றுதான் அதை நான் முதன்முதலாகப் படித்தேன்.

அதன் பிறகும் வழக்குப் போட 2019 ஆகிவிட்டது. விசாரித்து, ஆள் தேடி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு, அலைந்த காலம் அது. ஆவணம் அழிபட இரண்டு ஆண்டு பாக்கி இருந்ததால் மூலத்தாள் கிடைத்தது. 2023-இல் உத்தரவு சாதகமாக வந்தது. நிலுவை 2016-இலிருந்து. அதற்கு முந்தைய இருபது ஆண்டுக்கு ஒன்றும் இல்லை. அந்த இருபது ஆண்டும் அவர் பிறத்தியார் வயலில் மோட்டார் கொட்டகைக் காவல் பார்த்தார். வலிப்பு வரும் ஆள் என்று தண்ணீர்ப் பக்கம் தனியாக விடமாட்டார்கள், அதனால் கூலியும் குறைவு.

"அரசாங்கம் பொதுப்பணத்தைக் காக்கத்தானே மேல்முறையீடு செய்கிறது?" என்றும் கேட்பார்கள். ஒரே கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியோடு வீரர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதும் பொதுப்பணத்தில்தான் நடக்கிறது. இப்படிப் படைவீரர்களுக்கான தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை எதிர்த்து அரசு போட்ட ஏறத்தாழ 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று ஒரே தீர்ப்பில் தள்ளியது. இந்த வகை மேல்முறையீடுகளைக் குறையுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சகமே அமைத்த வல்லுநர் குழு 2015-இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

சலிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சலிக்கும் இடம் மருத்துவ வாரியம். அங்கே காரணத்தை எழுதட்டும்; வீரருக்குத் தெரிந்த மொழியில் எழுதட்டும்; கெடு தேதியைத் தடித்த எழுத்தில் போடட்டும். இந்த மூன்றுக்கும் பணச்செலவே கிடையாது. அக்னிவீரர் திட்டத்தில் நான்கு ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓய்வூதியமே இல்லை. இயலாமைக்குத் தரும் 44, 25, 15 லட்ச ரூபாய்த் தொகையும், பணியால் வந்ததா இல்லையா என்று வாரியம் எழுதும் அதே அரை வரியைப் பொறுத்துத்தான். நம் மாவட்டத்திலிருந்து இந்த ஆண்டும் பிள்ளைகள் ஆளெடுப்புக்கு ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தெருவில் நோயோடு பட்டாளத்திலிருந்து திரும்பியவர் யாராவது இருந்தால், அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஆங்கிலக் கடிதத்தை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். அதிலுள்ள தேதியிலிருந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இந்த வாரமே மேல்முறையீடு எழுத வையுங்கள். ஆகியிருந்தாலும் விட வேண்டாம்; மருத்துவ வாரியத் தாளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள், படைவீரர்களுக்கான தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். தாள்களை மழைக்கு முன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.